பெரிய பெட்டியாகப் பார்த்து வாங்கினேன்

1

நேற்று மாலை பக்கத்து வீட்டு நமசிவாயம் வந்தார். பையன் வகுப்பில் முதலாவதாக வந்துவிட்டானாம், அவனுக்கு ஒரு விஞ்ஞானப் பெட்டி வாங்கித் தர வேண்டுமாம், எது நல்லது என்று கேட்டார். பினாங்கில் இப்போது இதுதான் பைத்தியம். முன்பெல்லாம் முதலாவதாக வந்த பையனுக்குச் சைக்கிள் வாங்கித் தந்தார்கள். அதில் விழுந்தால் முழங்கால்தான் பெயரும். இப்போது ஒவ்வொரு தகப்பனுக்கும் தன் வீட்டுக் கூடத்தில் ஒரு விஞ்ஞானி உட்கார்ந்து புகை விட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

"உங்களுக்குத்தான் அனுபவம் இருக்கே. போன வருஷம் ஊருக்கு ஒன்னு வாங்கிட்டுப் போனீங்களே" என்றார்.

அனுபவம் இருக்கிறது. "காந்தம் வைத்த பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். காந்தம் யாரையும் அவமானப்படுத்தாது" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஊரில் இருக்கும் உங்களுக்காவது விவரமாகச் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு உங்கள் சித்தப்பனோ மாமனோ கப்பலில் இப்படி ஒரு பெட்டியோடு வந்து இறங்கினால் எச்சரிக்கையாக இருந்துகொள்ளலாம்.

முதலில் என்னைப் பற்றி. பன்னிரண்டு வருடமாக இங்கே ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. பினாங்குத் தமிழர்கள் ஒவ்வொருவரும் பெருமையடித்துக்கொள்ள ஊரிலிருந்து ஒரு சாமானைக் கூடவே கொண்டுவந்திருப்பார்கள். ஒருவருக்கு அவருடைய மைத்துனர் தாசில்தார். இன்னொருவருக்கு இரண்டு போகம் விளையும் நஞ்சை. அதைப் பங்காளிகள் எப்போதோ பிரித்துக்கொண்டுவிட்டார்கள் என்பது வேறு விஷயம். எனக்குப் பஞ்சாமிர்தம்.

பழனி அடிவாரத்தில் அப்பா வைத்த கடை. கோயில் பிரசாதம் வேறு, இது வேறு. யாத்திரைக்காரர்கள் ஊருக்கு வாங்கிக்கொண்டு போகும் கடைச் சரக்குதான். ஆனால் அப்பாவின் கடைச் சரக்கு. மலைப்பழம், சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, நெய், தேன், ஏலம். இவ்வளவுதான். தண்ணீர் ஒரு சொட்டு படக்கூடாது, மாவு என்ற பேச்சே வரக்கூடாது. அப்பா போன பிறகு அண்ணன் நடத்துகிறார். தைப்பூசத்துக்கு வருடம் தவறாமல் பெரிய டப்பா ஒன்று கப்பலில் வந்து சேரும். இங்கே தெரிந்த குடும்பங்களை எல்லாம் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு கரண்டி கொடுப்பேன். கூடவே தண்ணீர், மாவு பற்றிய சொற்பொழிவும் உண்டு. இத்தனை வருடம் அதைக் கேட்ட பிறகும் அவர்கள் என்னோடு பேசுகிறார்கள் என்றால் அது பஞ்சாமிர்தத்தின் மகிமை. இந்த ஊரில் எனக்கென்று இருக்கும் மரியாதை மொத்தமும் அந்தக் கரண்டியில்தான் இருந்தது.

2

போன மே மாதம் விடுமுறையில் ஊருக்குப் புறப்பட்டோம். அண்ணன் மகள் சிவகாமிக்குப் பன்னிரண்டு வயது, படிப்பில் கெட்டிக்காரி. அவளுக்கு ஒரு விஞ்ஞானப் பெட்டி என்று முடிவுசெய்து, மகன் ரவியோடு பெரிய இங்கிலீஷ் கடைக்குப் போனேன்.

அங்கே கழுத்துப்பட்டை கட்டிய ஒரு சீன வாலிபன். என்னைப் பார்த்ததும், காது மந்தமானவரிடம் பேசுவதுபோல நிறுத்தி நிறுத்தி இங்கிலீஷ் பேசினான். அவன் இலக்கணத்தில் இரண்டு பிழை இருந்தது. நான் பெருந்தன்மையாக விட்டுவிட்டேன்.

மூன்று வகைப் பெட்டி காட்டினான். ஒன்று காந்தமும் மின்சாரமும். செருப்புப் பெட்டி அளவுதான். இரண்டாவது மைக்ராஸ்கோப். திறந்தால் ஒரு குழாய், நாலு கண்ணாடித் துண்டு. மூன்றாவது ரசாயனம். ஆர்மோனியம் அளவுக்கு இருந்தது. மூடியில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் படம். பையன் டை கட்டிக்கொண்டு சோதனைக் குழாயைத் தூக்கிப் பிடிக்கிறான். தகப்பன் பைப்பும் கையுமாக ரசிக்கிறான். தாய் பின்னால் கேக் தட்டோடு நிற்கிறாள். குழாயிலிருந்து புகை வருகிறது, ஆனால் யாரும் இருமவில்லை.

"பையனுக்கா?" என்றான் கடைக்காரன். "அண்ணன் மகளுக்கு" என்றேன். உடனே ரசாயனப் பெட்டியை ஒதுக்கிவிட்டு, வாசனைச் சோப்பு செய்யும் பெட்டி என்று ரோஜா நிறத்தில் ஒன்றை எடுத்து வைத்தான். பெண் என்றால் சோப்பு. இதற்கு எங்கள் பழனியே தேவலை என்று மனதுக்குள் திட்டிவிட்டு, ரசாயனப் பெட்டியைத்தான் தரவேண்டும் என்றேன்.

ரவி என் சட்டையை இழுத்தான். "அப்பா, மைக்ராஸ்கோப்தான் பெஸ்ட். எங்க ஸ்கூல்ல டீச்சர் சொன்னாங்க."

"அது சின்னதா இருக்குடா. பெரியப்பா நம்மளக் கஞ்சன்னு நினைப்பார்."

இதுதான் வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்கள் சாமான் வாங்கும் லட்சணம். பிள்ளைக்கு எது உபயோகம் என்று எவனும் பார்ப்பதில்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது கூலிக்காரன் தலையில் அது எப்படித் தெரியும் என்றுதான் பார்க்கிறான். நானும் அப்படித்தான் பார்த்தேன். ஆர்மோனியம் ஜெயித்தது.

3

கப்பலிலிருந்து இறங்கிய இடத்தில் சுங்கச் சோதனை. அதிகாரி மூடியைத் திறந்தார். வரிசையாகச் சின்னச் சின்னப் பாட்டில்கள்.

"இது என்ன?"

"பிள்ளைகள் விளையாட்டுச் சாமான்."

"விளையாட்டுக்கு எதுக்குய்யா கந்தகம்?"

ஒரு பாட்டிலைத் திறந்து முகர்ந்தார். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டார், அவரும் முகர்ந்தார். இருவரும் சேர்ந்து மூன்றாவது ஆளைக் கூப்பிட்டார்கள். படித்த மூன்று பேர் வரிசையாக நின்று முகர்ந்து பார்த்ததுதான் அந்தப் பெட்டியை வைத்து நடந்த முதல் விஞ்ஞான ஆராய்ச்சி. பயிருக்கு அடிக்கிற மருந்தாக இருக்கும் என்றார் ஒருவர். வெடிக்குமா என்று இன்னொருவர் என்னையே கேட்டார். மருந்தா, விளையாட்டுச் சாமானா, எந்த இனத்தில் எழுதுவது என்று பிறகு ஒரு மணி நேர விவாதம். நடுவில் ரவி பொறுமை இழந்து இங்கிலீஷில் ஏதோ கேட்டான். அதிகாரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. பையன் என்னமாகப் பேசுகிறான் என்று சொல்லி, இங்கிலீஷிலேயே அவனுக்குப் பதில் சொல்லி, மூடியைச் சாத்திக் கொடுத்துவிட்டார். நான் தமிழில் கெஞ்சியதெல்லாம் வீண்.

4

மனைவி அவளுடைய அம்மாவைப் பார்க்கத் திண்டுக்கல்லில் தங்கிவிட்டாள். நானும் ரவியும் வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் மலையேறினோம். பழனிக் கடையை ஆள் வைத்துப் பார்த்துக்கொண்டு, அண்ணன் இப்போது இங்கே வீடு எடுத்திருந்தார். கடைவீதியில் ஒரு கடை, வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டுப் பழனிக்கும் சேர்த்துப் பஞ்சாமிர்த வேலை. மலைப்பழம் கைக்கெட்டும் தூரத்தில், சீசன் கூட்டம் வாசலில். அண்ணன் மூளைக்காரர் என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு மூளை என்று அப்போது தெரியாது.

"ஏலே தம்பி, என்னலே இது, இம்பூட்டுப் பெருசா இருக்கு!" என்று பெட்டியை இரண்டு கையாலும் வாங்கினார். என் தேர்வு வீண்போகவில்லை. மூடிப் படத்தை அண்ணியிடம் காட்டினார், கடைப் பையன்களிடம் காட்டினார், தெருவில் போன இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு கூடத்துக் கண்ணாடி பீரோவைத் திறந்து, நடுத்தட்டில் நிறுத்தி வைத்துப் பூட்டிவிட்டார்.

அந்த பீரோவை நீங்கள் பார்க்க வேண்டும். நான் வருடா வருடம் அனுப்பிய சாமான்களின் சிறைச்சாலை அது. காபி ஊற்றியே அறியாத பிளாஸ்க். கீ கொடுத்தால் நடக்கும் ஜப்பான் பொம்மை. ஒரு நாளும் நடந்ததில்லை. டார்ச் லைட் ஒன்று, உள்ளே போட்டு அனுப்பிய பாட்டரியே பொங்கி வழிந்து பச்சை பூத்துப்போய் நின்றது. இப்போது விஞ்ஞானமும் உள்ளே போய்விட்டது.

சிவகாமி கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றாள். "சித்தப்பா, அது எனக்குத்தானே?" என்றாள்.

"ஒனக்குத்தான் தாயி. கெட்டுப்போகாம உள்ள இருக்கட்டும். கலியாணத்துக்குக் கொடுத்து விடுறேன்" என்றார் அண்ணன்.

ரவிக்கு அங்கே ஒன்றும் ஒட்டவில்லை. பெரியப்பாவை அங்கிள் என்றான். குழம்பைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தமிழில் பேசச் சொன்னால், பாடம் ஒப்பிப்பதுபோலப் பேசினான். கடைவீதியில் பழம் விற்கிறவர்கள்தான் அவனுக்குத் தோழர்கள். துரைமார் வீடுகளுக்கும் மிஷன் பள்ளிகளுக்கும் பழம் கொடுத்துப் பழகியவர்கள், "கம் மாஸ்டர், குட் பிளம்ஸ், ஃப்ரெஷ் பேர்ஸ்" என்று அவனோடு கதையடித்தார்கள். தாய்மொழி கற்கட்டும் என்று கப்பல் டிக்கெட் எடுத்து அழைத்துவந்த பையன், பழக்கூடைக்காரர்களிடம் இங்கிலீஷ் பழகினான்.

மூன்றாம் நாள் மத்தியானம் கோடை மழை பிடித்துக்கொண்டது. அண்ணன் கடையில். அண்ணி கம்பளிக்குள். பிள்ளைகள் இரண்டும் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தன. பீரோச் சாவி முருகன் படத்துக்குப் பின்னால் தொங்குவது சிவகாமிக்குத் தெரியாதா என்ன. நான் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. எழுந்து போய் அதட்டுவதற்குப் பதிலாக, புரண்டு படுத்தேன்.

பெட்டிக்குள் இருந்த ஒரு சின்னப் பாட்டில் அவர்களைப் பிடித்துக்கொண்டது. அயோடின், புண்ணுக்குப் போடும் டிஞ்சர் ஜாதி. கூட இருந்த இங்கிலீஷ் விளக்கத்தை ரவி படித்தான், சிவகாமி செய்தாள். மாவுச்சத்து இருக்கிற பொருளில் ஒரு சொட்டு விட்டால் கருநீலமாகிவிடும், இல்லாவிட்டால் செம்பழுப்பாகவே நிற்கும். சோற்றில் விட்டார்கள், கறுத்தது. இட்லி கறுத்தது. உருளைக்கிழங்கு கன்னங்கரேல் என்று ஆனது. சர்க்கரை மாறவில்லை, கற்கண்டு மாறவில்லை. கறுக்கக் கறுக்க இரண்டும் கைகொட்டிச் சிரித்தன. ரவி முதல் தடவையாக, யாரும் சொல்லாமல், "அக்கா, இதுலயும் போடு, இதுலயும் போடு" என்று தமிழில் கத்தினான்.

கடைசியில் கொடியில் கிடந்த அண்ணனின் வேட்டியிலும் போட்டுவிட்டார்கள். கஞ்சி போட்டு, தகடு மாதிரி விறைப்பாக இஸ்திரி போட்ட வேட்டி. பொட்டு வைத்ததுபோல ஏழெட்டு இடத்தில் நீலம் பூத்தது.

5

சாயங்காலம் அண்ணன் ராவுத்தர் மாமாவோடு வந்தார். ராவுத்தர் மாமா கடைவீதியில் மொத்த வியாபாரம். பூம்பாறை, மன்னவனூர் பக்கத்து உருளைக்கிழங்கும் பூண்டும் அவர் மண்டிக்கு வந்துதான் ஒட்டன்சத்திரத்துக்கு லாரியில் இறங்கும். அப்பா காலத்திலிருந்தே எங்கள் வீட்டுக்கு அவர் மாமா, நாங்கள் அவருக்கு மாப்பிள்ளைகள்.

வேட்டியைப் பார்த்ததும் அண்ணன் குதித்தார். சிவகாமி பயப்படவில்லை. "கஞ்சி இருந்தா நீலமாகும்ப்பா. அதுதான் சயன்ஸ்" என்றாள். அவள் விளக்கம் சொல்லச் சொல்ல அண்ணனுக்குக் கோபம் இறங்கி, பெருமை ஏறியது. எதிரே விருந்தாளி உட்கார்ந்திருக்கிறாரே.

"பாத்தீகளா மாமா? தம்பி பினாங்குலருந்து கொண்டாந்தது. எங்கே தாயி, மாமாவுக்கு ஒரு தடவ செஞ்சு காட்டு."

சோறு வந்தது, கிழங்கு வந்தது, கறுத்தது. ராவுத்தர் மாமா தாடியைத் தடவி ரசித்தார். அண்ணி எல்லோருக்கும் காபி கொண்டுவந்தாள்; சின்னத் தட்டில் பஞ்சாமிர்தமும் வைத்திருந்தாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பன்னிரண்டு வருடச் சொற்பொழிவு உள்ளே முட்டியது.

"இதில் போடு சிவகாமி. எங்கப்பா சரக்கில் மாவு கிடையாது என்று வெள்ளைக்காரன் மருந்தே சொல்லட்டும்" என்றேன்.

அண்ணன் எழுந்தார். "சாமி சாமான்ல போயி அதெல்லாம்..." என்பதற்குள் சிவகாமி வெள்ளைப் பீங்கானில் ஒரு துளி பஞ்சாமிர்தத்தை எடுத்து, தண்ணீர் விட்டுக் கரைத்து, மேலே ஒரு சொட்டு விட்டுவிட்டாள்.

கறுத்தது. உருளைக்கிழங்கு கறுத்த அதே கறுப்பு.

ராவுத்தர் மாமாதான் முதலில் பேசினார்.

"மலைப்பழத்துலயும் மாவு இருக்கும்ல மாப்ளே. அதான் கறுத்துருக்கும்."

"இல்ல மாமா. மத்தியானமே பழத்தத் தனியாப் பாத்தோம். நல்லாக் கனிஞ்ச பழம் லேசா அழுக்காகுது, அவ்வளவுதான். இப்படிக் கறுக்கல" என்றாள் சிவகாமி. "அப்புறம் சர்க்கரையும் பாத்தோம். பேரீச்சம்பழமும் பாத்தோம்."

ராவுத்தர் மாமா அதற்குப் பிறகு கூரை ஓட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் பாட்டிலைப் பிடுங்கிப் பெட்டிக்குள் வைத்தார். "மலைக் குளிருக்கு மருந்து கெட்டுப்போச்சு. கப்பல்ல வந்த சாமான், வேற எப்படி இருக்கும்" என்றார். அப்படியானால் சோறு எப்படிச் சரியாகக் கறுத்தது என்று அந்தப் பெண் கேட்கவில்லை. தகப்பன் முகத்தைப் பார்த்தாள், பீங்கானை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷம் போய்விட்டது. அதற்காகத்தான் எனக்கு அண்ணன் மேல் ஆத்திரம் வந்தது. சரக்கில் கலந்ததற்கு வந்ததைவிட அதிகமாகவே வந்தது.

6

மறுநாள் வெள்ளனே எழுந்து ராவுத்தர் மாமா மண்டிக்குப் போனேன். மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் உங்களிடம் கிழங்கு வாங்குகிறாரா என்று சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"என்ட்ட எதுக்கு மாப்ளே கேக்குறீக? நான் கெழங்கு விக்கிறவன். வாங்குறவுக அவிக்கிறாகளா, புதைக்கிறாகளான்னு பாக்குறது என் சோலியா?"

"வீட்டில் மூன்று பேர்தானே மாமா."

"மூட்டைக் கணக்குல போகுது" என்றார். பிறகு குரலைத் தணித்து, "ஒங்கத்தா மவுத்தாகி மறுவருசத்துலருந்து. பழம் வெல ஏறிப்போச்சுல்ல. ஆனா ஒன்னு, சும்மா சொல்லக் கூடாது, நல்ல கெழங்காத்தான் எடுக்குறாரு" என்றார்.

அப்பா இறந்த மறுவருடமே அவர் பெயருக்கு இவ்வளவு தூரம் மரியாதை செய்த அண்ணனிடம் நேராகவே போனேன். கொட்டகையில் நின்றுகொண்டிருந்தார். அண்டாவில் கிழங்கு வெந்துகொண்டிருந்தது. மறைக்கக்கூட இல்லை.

"அண்ணே, அப்பா இருந்தா இதைச் செய்வாரா?"

"அப்பா இருந்தப்ப வாரத்துக்கு எத்தன பஸ்ஸு வந்துச்சு? இப்ப எத்தன வருது? அத்தன பேருக்கும் பழத்துக்கு எங்கலே போறது? விசமா கலக்குறேன்? கெழங்குதானே. நீ வெளிநாட்டுல ஒக்காந்துக்கிட்டு நாயம் பேசுவ."

"பினாங்கில் அத்தனை பேருக்கும் இதைக் கொடுத்து, மாவு இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்."

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபமாகப் பேசியிருந்தால் பரவாயில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார்.

"வருசா வருசம் காயிதம் எழுதுவியே, நல்லாருக்குன்னு. போன வருசத்த விட இந்த வருசம் கெட்டியா, ரொம்ப நல்லாருக்குன்னு எழுதுனது நீதான?"

நான்தான் எழுதினேன்.

அன்று மத்தியானமே பெட்டி மறுபடியும் கண்ணாடிக்குள் போய்விட்டது. சாவி அண்ணன் இடுப்புக்குப் போனது. வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டி, "தம்பி கொண்டாந்தது, உள்ள பூராம் சயன்ஸு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு மனிதனுக்கு வெட்கமே இல்லாவிட்டால் விஞ்ஞானத்தால் ஒன்றும் செய்ய முடியாது.

கிளம்பும் நாளில் ஒரு டப்பாவை என் கையில் கொடுத்தார். "இது வேற. நானே உக்காந்து செஞ்சது. பழந்தான், அப்பா சேத்த மாதிரியே. நம்ம சனத்துக்கு" என்றார். நம்ம சனத்துக்கு! மலையேறி, மொட்டையடித்து, காவடி எடுத்து வந்த சனமெல்லாம் யார் சனமோ.

அவர் பஸ்ஸில் இடம் பிடிக்க முன்னால் போன நேரத்தில், சிவகாமி என் பக்கத்தில் வந்து, பாவாடை மடிப்பிலிருந்து அயோடின் பாட்டிலை எடுத்தாள். பூட்டுவதற்கு முன்பே எடுத்துவிட்டிருக்கிறாள்; பெட்டி மட்டும்தான் கண்ணாடிக்குள் இருந்தது. டப்பாவைத் திறந்து, விரல் நுனியால் கொஞ்சம் எடுத்து, இலைத் துண்டில் தடவிக் கரைத்து, ஒரு சொட்டு விட்டாள். மூவரும் குனிந்து பார்த்தோம். கனிந்த பழம் போல லேசாக அழுக்கானது, கறுக்கவில்லை.

"அப்பாவுக்குச் செய்யத் தெரியும் சித்தப்பா" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. பாட்டிலை மறுபடியும் மடிப்பில் வைத்துக்கொண்டாள். அதைக் கொடு என்று நான் கேட்கவில்லை.

7

பினாங்கு வந்ததும், தைப்பூசம் இல்லாவிட்டாலும், வழக்கம்போல எல்லோரையும் கூப்பிட்டேன். இந்தத் தடவை சொற்பொழிவு இல்லை. அவசியம் இல்லை, இது சோதனை செய்து ஊர்ஜிதமான சரக்கு. டப்பாவைத் திறந்து ஆளுக்கு ஒரு கரண்டி இலைத் துண்டில் வைத்துவிட்டு, முகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நமசிவாயம் சப்புக்கொட்டினார். யோசித்தார். மறுபடியும் சப்புக்கொட்டினார்.

"தப்பா நினைக்காதீங்க. வருஷா வருஷம் வருமே, அந்த மாதிரி இல்லையே. அது கெட்டியா, கரண்டியில நின்னு வரும். இதுல தண்ணி கிண்ணி பட்டுடுச்சோ?"

"ஆமாமா, இது ஒழுகுது" என்றாள் அவர் மனைவி. "கடையில ஆள் மாத்திட்டாங்களோ?"

இன்னும் இரண்டு குடும்பம் அதையே சொன்னது. ஒருவர் மிச்சத்தை நாசூக்காக இலையோடு மடித்தார். மாவு இல்லை என்று பன்னிரண்டு வருடம் நான் சொல்லியதைத் தலையாட்டிக் கேட்டவர்கள், மாவு இல்லாததைக் கையில் கொடுத்தால் இலையை மடிக்கிறார்கள். இவர்களுக்கா நான் கப்பலில் சுமந்து வந்தேன்!

எல்லோரும் போன பிறகு, கதவைச் சாத்திவிட்டு ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டேன். அப்பா செய்த அதே பஞ்சாமிர்தம். சந்தேகமே இல்லை, சிவகாமி சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுத்தது. நாக்கில் கொஞ்ச நேரம் வைத்திருந்து, கண்ணை மூடி, இன்னொரு கரண்டியும் போட்டுப் பார்த்தேன்.

ஒழுகத்தான் செய்தது. எனக்கும் அந்தப் பழைய கெட்டிச் சரக்குதான் பிடித்திருந்தது.